திரையும் கரும்பலகையும்: பள்ளிப் பாடத்தில் படம் காட்டுவதன் நூறாண்டுக் கணக்கு

பாக் நீரிணைக் கரையில், புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி வட்டத்தில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். விசைப்படகுத் தொழிலால் வாழும் ஊர். இந்த ஊர்ப் பிள்ளைக்கு மீன் வகைகளைச் சொல்லிக்கொடுக்க யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வாடைக்கும் சோழகத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்கு வீட்டிலேயே தெரியும். ஆனால் தகப்பனின் படகு எதன் மேலே போய் வருகிறதோ, அந்தக் கடலடியை அது பார்த்திருக்க வாய்ப்பில்லை. கடற்புல் எப்படித் தழைக்கிறது, கரையோர மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு அதை எப்படி மேய்கிறது, வலையின் கீழ்விளிம்பு அந்தப் புல்லில் இழுபடும்போது என்ன நடக்கிறது என்பதையெல்லாம் கரையில் நின்று பார்க்க முடியாது. படம்தான் காட்ட முடியும்.

பள்ளியில் ஒலி-ஒளிக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய விவாதம் முழுவதையும் இந்த ஒரு ஊரை வைத்தே நடத்திவிடலாம். எதைத் திரையில் காட்ட வேண்டும், எதைக் காட்டத் தேவையில்லை, காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்கிறதா, அல்லது வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதா? நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் இந்தக் கேள்விக்குப் பணம் கொட்டி விடை தேடியிருக்கிறது. கிடைத்த விடைகள் நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்குறுதிகளின் வரலாறு

1913இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்களுக்கு இனி வேலை இருக்காது, பத்தாண்டுகளில் பள்ளிக்கூடமே முழுதாக மாறிவிடும் என்று சொன்னார். அவர் திரைப்படத் தொழிலில் முதலீடு செய்திருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டு போயிற்று, புத்தகம் போகவில்லை. 1924இல் பிபிசி பள்ளிகளுக்கென்று வானொலி நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொலைக்காட்சி வந்தது, பிறகு கணினி வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் அதே வாக்குறுதி திரும்பவும் கேட்டது.

அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழற்சியை விவரித்தார். முதலில் கருவியைப் பற்றிய பெருமகிழ்ச்சி. அடுத்து, கருவி ஆசிரியருக்கு இணையாகக் கற்பிக்கிறது என்று காட்டும் ஆய்வுகள். பிறகு, கருவி பழுது, படம் நேரத்துக்கு வரவில்லை, பாடத்தோடு பொருந்தவில்லை என்ற புகார்கள். கடைசியில், பயன்படுத்தத் தெரியாத ஆசிரியர்தான் காரணம் என்ற பழி. நம் ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்கு இந்த நான்கு கட்டங்களும் பழக்கப்பட்டவையே.

இரண்டு இடங்களின் அனுபவத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும். பசிபிக் தீவுக்கூட்டமான அமெரிக்கச் சமோவாவில் 1964இல், பாடத்தின் பெரும்பகுதியைத் தொலைக்காட்சியே நடத்தும்படி ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர் ஆசிரியர் திரைக்குத் துணையாளாக நின்றார். சில ஆண்டுகளிலேயே ஆசிரியர்களும் மாணவர்களும் சலித்துப்போனார்கள். எழுபதுகளில் தொலைக்காட்சி பாடத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. மெக்சிகோ 1968இல் தொடங்கிய 'டெலிசெகுந்தாரியா' திட்டமோ இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர் கிடைக்காத சிற்றூர்களுக்கான நடுநிலைப் பள்ளிகள் அவை. சுமார் கால் மணி நேர நிகழ்ச்சி, அதன் பிறகு புத்தகம், பயிற்சி, வகுப்பு ஆசிரியரோடு உரையாடல் என்பதுதான் அங்கே வகுப்பின் அமைப்பு. சமோவாவில் ஆசிரியரின் இடத்தைத் திரைக்குக் கொடுத்தார்கள். மெக்சிகோவில் ஆசிரியர் இல்லாத பாடத்தைத் திரைக்குக் கொடுத்து, வகுப்பை ஆசிரியரிடமே விட்டார்கள்.

இந்தியா: வானிலிருந்து வந்த பாடம்

நம் நாட்டில் 1959இல் தேசியக் காட்சி-ஒலிக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961இல் டெல்லிப் பள்ளிகளுக்கு, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இவற்றையெல்லாம் விடப் பெரிய முயற்சி 'சைட்' என்று அழைக்கப்பட்ட செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போய்ச் சேர்ந்தன. ஆந்திரம், கர்நாடகம் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு என்று நேரம் பிரித்திருந்தார்கள். அந்த ஓராண்டில் அதிகம் பேசப்படாமல் போன சாதனை, சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் அதே திரை வழியே கொடுத்த பயிற்சி. ஆசிரியருக்குச் செலவிட்ட ஒரு மணி நேரம் பல ஆண்டுகளுக்குப் பல வகுப்புகளுக்குப் போய்ச் சேரும் என்பதை அன்றே கணக்கிட்டிருக்கிறார்கள்.

1984இல் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்தது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, பள்ளிகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் ரேடியோ-கேசட் பிளேயர்களும் வழங்கப்பட்டன. 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோளை இஸ்ரோ விண்ணில் ஏற்றியது. செயற்கைக்கோள் வேலை செய்தது. தரையில்தான் சிக்கல். திட்டமிடலிலும், இணைப்பிலும், பாட நிகழ்ச்சிகள் தயாரிப்பிலும், பராமரிப்பிலும் இருந்த ஓட்டைகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இல் பட்டியலிட்டார். விண்வெளியில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கருவியை நிறுத்த முடிந்த நாட்டுக்கு, வகுப்பறையில் ஒரு பெட்டியை இயங்கும் நிலையில் வைத்திருப்பது கடினமாக இருந்தது.

தமிழ்நாடு: கருவிக்குக் குறைவில்லை

தமிழ்நாட்டைக் கருவிப் பஞ்சம் உள்ள மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. 2006 முதல் வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி. 2018இல் தொடங்கிய புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சானது, கைப்பேசியைக் காட்டினால் காணொளி ஓடும். 2019 ஆகஸ்டு 26 அன்று 'கல்வித் தொலைக்காட்சி' தொடங்கியது. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. 2023இல் 'மணற்கேணி' செயலி காணொளிப் பாடங்களோடு வெளியானது. அடுத்து, அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது.

கருவியின் வலிமையும் எல்லையும் ஒருசேர வெளிப்பட்டது கொரோனா காலத்தில். 2020இல் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சி இல்லாதிருந்தால், பல லட்சம் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு இருந்த ஒரே கயிறும் அறுந்திருக்கும். ஆனால் அந்தக் கயிறு எவ்வளவு எடை தாங்கியது? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளை விடக் கணக்கிலும் தமிழிலும் இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு இன்னும் கடுமை. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களால் நடந்தது என்று ஆய்வு கணக்கிட்டது. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த அக்காமார்கள் அவர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதிய பாடமல்ல. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இங்கே பெரிய கருவி எதையும் நம்பவில்லை. பாட்டு, வீதி நாடகம், மண்ணெண்ணெய் விளக்கு, பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்ட சைக்கிள் ஆகியவைதான் அதன் 'ஒலி-ஒளிச் சாதனங்கள்'. ஊடக ஆய்வாளர் வில்பர் ஷ்ராம் 1977இல் எழுதிய நூலில் பெரிய ஊடகங்களையும் சிறிய ஊடகங்களையும் ஒப்பிட்டு, மலிவான சிறிய ஊடகம் பல இடங்களில் அதே வேலையைச் செய்துவிடும் என்று காட்டியிருந்தார். அதற்கான சான்று பின்னாளில் புதுக்கோட்டையிலேயே கிடைத்தது.

ஆய்வுகள் சொல்வது

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடுவோம். படிப்பதில் பத்து சதவீதம், கேட்பதில் இருபது, பார்ப்பதில் முப்பது, செய்வதில் தொண்ணூறு நினைவில் நிற்கும் என்ற கணக்கை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் கேட்காதவர் குறைவு. எட்கர் டேல் 1946இல் வரைந்த 'அனுபவக் கூம்பு' என்ற படத்தோடு இதை ஒட்டிவிடுகிறார்கள். டேலின் நூலில் அப்படி எந்தச் சதவீதமும் இல்லை. அந்த எண்களுக்கு ஆய்வு அடிப்படையும் இல்லை. பட்டறிவின் நேரடித் தன்மை எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று காட்டும் ஒரு வகைப்பாட்டைத்தான் அவர் வரைந்தார். 'பார்த்தால் பதியும்' என்ற நம்பிக்கையில் புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் இந்தப் பொய்க்கணக்கின் மேல்தான் பணம் கட்டுகிறார்கள்.

மெய்யான ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. ரிச்சர்டு கிளார்க் 1983இல் ஒரு கடுமையான வாதத்தை வைத்தார்: கற்றலை உண்டாக்குவது பாடம் நடத்தும் முறைதான், ஊடகம் அதைச் சுமந்துவரும் வண்டி மட்டுமே. ராபர்ட் கோஸ்மா இதை மறுத்து, சில ஊடகங்களால் மட்டுமே காட்டக்கூடிய விஷயங்கள் உண்டு என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் இருவர் சொன்னதும் பாதி சரி. விதை முளைப்பதை வேகமாக ஓட்டிக் காட்டப் படத்தால் மட்டுமே முடியும். ஆனால் அதைப் பார்த்த பிள்ளை என்ன கற்றது என்பதை, ஆசிரியர் முன்னும் பின்னும் கேட்ட கேள்விதான் முடிவு செய்கிறது.

இதற்குத் தெளிவான சான்று ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு. இயற்பியல் வகுப்பில் சோதனைகளைச் செய்து காட்டினார்கள். வெறுமனே பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களை விடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். நேரில் காட்டிய சோதனைக்கே இந்த நிலை என்றால், திரையில் ஓடும் படத்துக்கு வேறு விதி இருக்க முடியாது.

ரிச்சர்டு மேயர் பல்லாண்டுகளாக நடத்திய சோதனைகளிலிருந்து படத் தயாரிப்பாளர்களுக்கான விதிகள் கிடைக்கின்றன. படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால் கற்றல் கூடுகிறது. பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் அலங்காரமும் அதைக் குறைக்கின்றன. குரல் சொல்லும் அதே வாக்கியத்தைத் திரையிலும் முழுதாக எழுதிக் காட்டினால் கவனம் சிதறுகிறது. பாடநூல் வரிகளை ஓடவிட்டு, பின்னணி இசையோடு வாசித்துக் காட்டும் காணொளிகள் இந்த மூன்று விதிகளையும் ஒரே நேரத்தில் மீறுகின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்குத் திரையில் ஓடும் வரி உதவுகிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியராகப் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996 முதல் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் எழுத்து ஓடவிடும் முறையை முன்வைத்து வருகிறார். தெரிந்த பாட்டின் வரி கண் முன்னே போகும்போது, கண் தானாகவே எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டோடு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட மலிவான வாசிப்புப் பயிற்சி கிடையாது. காது கேளாத பிள்ளைக்கோ அந்த வரிதான் பாடமே.

நம் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்த ஒரு சோதனை. சப்ரின் பெக் குழுவினர் எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல் காணொளிகளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியருக்குக் கருவியும் படமும் பயிற்சியும் கொடுத்து, வகுப்பில் அவரே பயன்படுத்தும்படி செய்த பள்ளிகளில் சில மாதங்களிலேயே மதிப்பெண் உயர்ந்தது. ஆசிரியரைத் தாண்டி மாணவர் கையில் நேராக டேப்லெட் கொடுத்த பள்ளிகளில் மதிப்பெண் சரிந்தது. சமோவாவும் மெக்சிகோவும் நடைமுறையில் காட்டியதை இது எண்ணில் காட்டியது.

தனி ஆளாகக் கற்கும் கணினி நிரலுக்கும் வெற்றி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' நிரலைப் பயன்படுத்திய நடுநிலைப் பள்ளி மாணவர்கள் நாலரை மாதத்தில் கணக்கில் நன்றாக முன்னேறியதாகக் கார்த்திக் முரளிதரன் குழுவினர் 2019இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த நிரல், எட்டாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புக் கணக்கில் நின்றால், அங்கிருந்தே அதற்குத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே படம் என்ற ஏற்பாடு அதைச் செய்யாது.

எதற்குப் படம், எதற்கு வேண்டாம்

இந்த ஆய்வுகளிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது: கண்ணுக்கு எட்டாததைத் திரையில் காட்டு, கைக்கு எட்டுவதை வகுப்புக்குக் கொண்டு வா. மிகச் சிறியது, மிகப் பெரியது, மிக மெதுவாக நடப்பது, மிக வேகமாக நடப்பது, ஆபத்தானது, கடந்து போனது ஆகியவைதான் படத்துக்குரிய பாடங்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஆசிரியர் மீனின் உடலமைப்பை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். செவுள், துடுப்பு, செதில் இவற்றுக்கு யூடியூப் படம் வீண். ஏலக் கடையிலிருந்து நாலு மீன் வந்தால் போதும். அலை, ஓதம், உப்பு விளைவது எல்லாம் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் செவுளின் இழைகளில் ரத்தம் ஓடுவதை நுண்ணோக்கிப் படம்தான் காட்டும்.

கடற்பசுப் பாடம் இன்னும் பொருத்தமானது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதன் அருகிலேயே வாழும் பிள்ளைகள், ஏன் இந்த அறிவிப்பு, அப்பாவின் தொழிலுக்கு இதனால் என்ன என்று கேட்கத்தான் செய்வார்கள். கடற்புல் வெளியின் ஐந்து நிமிட நீருக்கடிக் காட்சியைப் போட்டு, புல் அழிந்தால் எந்தெந்த மீன் குஞ்சுகளுக்கு இடம் போகும் என்று கேட்டால், வகுப்பில் வாதம் கிளம்பும். வீட்டில் கேட்ட செய்தி ஒரு பக்கம், புத்தகம் சொல்லும் செய்தி ஒரு பக்கம் என்று பிள்ளைகள் பிரிந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் பாடம்.

புயல் இன்னொரு எடுத்துக்காட்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டது. இன்று உயர்நிலை வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று சிறு குழந்தைகள். நடந்ததை வீட்டார் சொல்லக் கேட்டவர்களே அதிகம். இந்தியச் செயற்கைக்கோள்கள் அரைமணிக்கு ஒன்றாக எடுக்கும் மேகப் படங்களை வரிசையாக ஓட்டினால், வங்கக் கடலில் சுழன்று வரும் வெண்மேகம் தங்கள் ஊர்ப் பக்கம் திரும்புவதைப் பார்ப்பார்கள். நடுவில் நிறுத்தி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இது எங்கே போகும் என்று கேட்க வேண்டும். வீட்டில் கேட்ட கதையும் புவியியலும் அங்கே ஒன்று சேரும்.

கடல் எல்லையும் அப்படித்தான். இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் படகுகளின் செய்தி இந்தக் கரையில் வீட்டுச் செய்தி. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் வரைந்த கோடு தண்ணீரில் தெரியாது. வரைபடத்தை அசைவூட்டிக் காட்டினால் தெரியும். கரையிலிருந்து எவ்வளவு தூரம், படகின் வேகத்தில் எத்தனை மணி, ஜி.பி.எஸ். கருவி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில் கணக்கு, இயற்பியல், குடிமையியல் மூன்றும் இருக்கின்றன.

முழுநீளப் படம் பாடமாகுமா?

குறும்படம் பாடப் பொருளைத் தெளிவாக்குகிறது. கதைப் படம் வேறு வேலை செய்கிறது: இன்னொருவர் நிலையில் நின்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தைத் தொடங்கியது. ஆல்பெர் லமோரிஸ் 1956இல் எடுத்த 'தி ரெட் பலூன்' போன்ற படங்கள் அரசுப் பள்ளிகளில் ஓடின. வசனம் ஏறக்குறைய இல்லாத, ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும் படம் அது. மொழி தடையில்லை, நேரமும் தடையில்லை. திரையிடலுக்குப் பிறகு பேசவும் எழுதவும் வைக்க வேண்டும் என்று அந்தத் திட்டமே சொன்னது. நல்ல திட்டம், ஆனால் அதன் உயிர் அந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது. படம் முடிந்ததும் மணி அடித்துக் கலைந்தால் அது வெறும் பொழுதுபோக்கு.

தமிழில் படப் பஞ்சமும் இல்லை. சந்தோஷ் சிவனின் 'மல்லி', மணிகண்டனின் 'காக்கா முட்டை' இரண்டும் சிறாரைப் பெரியவர்களின் பொம்மையாக ஆக்காத படங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு உரிமையோடு சொல்லிக்கொள்ள 'பசங்க' இருக்கிறது. விராச்சிலையைச் சேர்ந்த பாண்டிராஜ் 2009இல் எடுத்து, தேசிய விருதுகள் பெற்ற அந்தப் படம் அரசுப் பள்ளி வகுப்பறையையே களமாகக் கொண்டது. வரலாற்று வகுப்புக்கு, கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து துண்டுப் படங்களைத் திரட்டி 1940இல் வெளியிட்ட காந்தி ஆவணப்படம் இருக்கிறது. ஒரு தமிழர் அந்தக் காலத்தில் கப்பலேறி எப்படி அதைச் செய்தார் என்பதே தனிப் பாடம்.

உரிமைச் சிக்கல் பற்றிய அச்சம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புள்ளோர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

உப்புக்காற்றும் எமிஸும்

கருவி வாங்கும் கோப்பில் எழுதப்படாத செலவுகள் சில உண்டு. கடலோரத்து உப்புக்காற்று மின்கருவிகளின் இணைப்புகளை அரிக்கும். ஜன்னல் திறந்தால் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகும். மூடினால் புழுக்கத்தில் பிள்ளைகள் தவிப்பார்கள். அதனால் கடலோரப் பள்ளிகளுக்குப் புரொஜெக்டரை விடப் பெரிய டிவி பொருந்தும். கரண்ட் போகும் ஊரில் யு.பி.எஸ். இல்லாத ஸ்மார்ட் போர்டு வெறும் பலகை. இணையத்தை நம்பாமல் பென் டிரைவில் படங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வது எளிய காப்பு. படத்தை விட ஒலிதான் பல வகுப்புகளில் கெடுக்கிறது. நல்ல ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் பணம் திரையின் அளவுக்கு ஒதுக்கும் பணத்தை விடப் பயன் தரும்.

இவற்றை விடப் பெரிய பற்றாக்குறை நேரம். எட்டு நிமிடப் படத்தைப் பாடமாக்க, ஆசிரியர் அதை முன்பே முழுதாகப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொள்ள வேண்டும், கேள்விகளை எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளமான எமிஸில் தகவல் ஏற்றவே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் சொல்வது நெடுநாள் குறை. கருவிக்குக் கோடிகள் ஒதுக்கும் அரசு, வாரம் இரண்டு பீரியடுகளைப் பாடத் தயாரிப்புக்கென்று ஆசிரியருக்கு ஒதுக்கினால், ஏற்கெனவே வாங்கிய கருவிகள் அத்தனைக்கும் வேலை கிடைக்கும்.

உள்ளூர்ப் படங்கள்

இன்னொரு குறை படங்களிலேயே இருக்கிறது. மாநிலம் முழுதுக்கும் பொதுவாகத் தயாராகும் காணொளியில் கடல் என்றால் மெரினா, மீனவர் என்றால் கட்டுமரம். ஜெகதாப்பட்டினம் விசைப்படகும், ஐஸ் கம்பெனியும், ஏலக் கூவலும் அதில் இருக்காது. இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு கைப்பேசியும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பும் போதும். கடலோரப் பள்ளி மாணவர்கள் வலை பின்னுவதையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகு பழுது பார்ப்பதையும், பெரியவர்கள் சொல்லும் காற்றுகளின் பெயர்களையும் படமாக்கலாம். அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகள் சித்தன்னவாசல் ஓவியத்தையும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும், மழையை நம்பிய கண்மாய்ப் பாசனத்தையும் படமாக்கலாம். இரு தரப்பும் படங்களை மாற்றிக்கொண்டால், ஒரே மாவட்டத்துக்குள் கடலும் காடும் ஒன்றையொன்று பார்க்கும். படம் எடுக்கும் பிள்ளை, எதைக் காட்டுவது, எதை விடுவது, எங்கே வெட்டுவது என்று யோசிக்கிறது. பார்ப்பதை விட அது ஆழமான கல்வி. கைப்பேசியில் வந்து விழும் பொய்க் காணொளியைச் சந்தேகிக்கவும் அதுவே பழக்கும்.

நூறாண்டு அனுபவத்தின் தீர்ப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆசிரியரின் கையில் ஒலி-ஒளிக் கருவி வலிமை பெறுகிறது. ஆசிரியரின் இடத்தில் வைத்தால் தோற்கிறது. நாம் இதுவரை செலவின் பெரும்பகுதியைப் பெட்டிக்குக் கொடுத்தோம். தேர்ந்த படத்துக்கும், பராமரிப்புக்கும், ஆசிரியரின் நேரத்துக்கும் மிச்சத்தைக் கொடுத்தோம். இந்த விகிதம் மாற வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைத் தொடங்கிவைக்கலாம். ஸ்மார்ட் போர்டு எத்தனை அங்குலம் என்று கேட்பதை விட்டு, மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த மாதம் எந்தப் பாடத்துக்கு எந்தப் படம் காட்டினீர்கள்? அதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகளிடம் என்ன கேட்டீர்கள்? கருவி பழுதானால் சரிசெய்ய யார் பொறுப்பு, எத்தனை நாளில் வருவார்? மூன்றுக்கும் விடை கிடைக்கும் பள்ளியில் பழைய டிவி கூடப் பாடம் நடத்தும்.